தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்?

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் முதல் வாரத்தில், செங்கடலில் ஜெட்டா நகருக்கு அண்மையில் கடலடி வடங்கள் சில அறுபட்டன. அதன் விளைவாக இந்தியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு நாடு முதலிய இடங்களில் இணையம் தளர்ந்து போயிற்று. அவ்வமயம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "துபாயில் இருக்கும் என் மகனோடு பேச முடியவில்லை என்றால் காரணம் விளங்குகிறது, இடையே கடல் இருக்கிறது, கடலில் வடம் அறுந்துவிட்டது. ஆனால் வைட்ஃபீல்டில் இருந்துகொண்டு சேலத்திலுள்ள என் தாயாரோடு பேசுவதற்கும் கடலுக்கும் என்ன உறவு? ஜோலார்ப்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே கடல் ஏது?" என்பதே அக்கேள்வி.

கேட்டவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். எனினும் கேள்வி மிக நல்ல கேள்வி. பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்து, இந்நகரின் அடுக்ககங்களில் குடியேறியுள்ள நம்மவர்க்கு இணையம் என்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று. தாயின் முகத்தைக் காண்பது அதில். தந்தையின் மருந்துச் சீட்டைப் பெறுவது அதில். ஊரிலுள்ள வீட்டுக்கு வரி கட்டுவதும், வயலில் வேலை செய்தவர்க்குக் கூலி அனுப்புவதும் அதில். ஆதலின், நம் செய்திகள் எவ்வழியே செல்கின்றன, யார் கையைக் கடந்து செல்கின்றன என்பதை நாம் ஒருவாறு அறிந்திருத்தல் நலம். இத்திங்கள் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

தபாலும் இணையமும்

நம்மில் மூத்தோர்க்கு ரயில் தபால் பிரிப்பு நினைவிருக்கும். ஓடும் ரயிலிலேயே ஒரு பெட்டியில் ஊழியர்கள் நின்றுகொண்டு, கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, வழியிலுள்ள நிலையங்களில் பைகளை இறக்குவார்கள். வைட்ஃபீல்டில் இட்ட கடிதம் பங்காருப்பேட்டைக்குப் போக வேண்டுமானால் அதைச் சென்னை வரை கொண்டுபோய்த் திருப்பும் மதியீனத்தை எந்தத் தபால் ஊழியரும் செய்யமாட்டார். ஏனெனில் தபால் இலாகா ஒன்றே. அதன் ஊழியர் அனைவரும் ஒரே எசமானரின் கீழ் வேலை செய்பவர்கள்.

இணையமோ அப்படிப்பட்டதன்று. அது ஒரே இலாகா அல்ல. உலகெங்கும் பல்லாயிரம் தனித்தனி வலையங்கள், தனித்தனி முதலாளிகள், தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள். நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் சேர வேண்டிய முகவரி எழுதப்பட்டு, ஒரு வலையத்திடமிருந்து மற்றொரு வலையத்துக்குக் கைமாற்றப்படுகிறது. ஒவ்வொரு வலையமும் தன் அண்டை வலையத்திடம், "இன்னின்ன முகவரிகளுக்குரிய பொட்டலங்களை என்னிடம் தரலாம், நான் சேர்ப்பிப்பேன்" என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வறிவிப்புகளைக் கேட்டே ரூட்டர் எனப்படும் கருவிகள் பொட்டலங்களை வழிப்படுத்துகின்றன.

இங்கேதான் நம் அன்பரின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. உங்கள் வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்தினுடையது. எதிர் அடுக்ககத்தில் இருப்பவரின் இணைப்பு வேறொரு நிறுவனத்தினுடையது என்று கொள்வோம். இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே சாலையோரக் குழியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கலாம். ஆயினும், "உன் பொட்டலத்தை நான் ஏற்பேன், என் பொட்டலத்தை நீ ஏற்பாயாக" என்று அவ்விருவருக்குமிடையே உடன்பாடு இல்லையென்றால், பொட்டலம் அக்குழியில் கைமாறாது. இருவருக்கும் பொதுவான ஒரு மூன்றாமவரைத் தேடிச் செல்லும். அந்த மூன்றாமவர் மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம். இணையத்தில் பாதையை வகுப்பது தூரத்தைக் காட்டிலும் உடன்படிக்கையே என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். எதிர் வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி கடல் கடந்து சென்று திரும்பி வருவதற்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை.

சுற்றுவதால் என்ன குறைந்து போயிற்று?

ஒளிதானே செல்கிறது, சுற்றினால் என்ன என்று சிலர் கருதலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். வெட்டவெளியில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கு வேகம் இது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையேயுள்ள கடலடிப் பாதை சுமார் 3,200 கிலோமீட்டர். பொட்டலம் அங்கே போய்த் திரும்பக் குறைந்தது 32 மில்லி வினாடியாகும். அதாவது வினாடியை ஆயிரம் கூறாக்கினால் 32 கூறு. அமெரிக்கக் கரைக்கோ இங்கிருந்து 15,000 கிலோமீட்டருக்குக் குறையாது. போய்த் திரும்ப 150 மில்லி வினாடி. எதிர் வீட்டுக்காரர் அனுப்பும் விடையும் அதே வழியில் சுற்றுமாயின் 300 மில்லி வினாடி. முகம் பார்த்துப் பேசும்போது ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசத் தொடங்கி, இருவரும் ஒருசேர நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள்" என்று தடுமாறுகிறோமே, அத்தடுமாற்றத்தின் ஒரு காரணம் இத்தகைய தாமதமே.

காலம் மட்டுமா? கடலடி வடத்தில் இடம் பெறுவதற்குக் காசு கொடுக்க வேண்டும். எதிர் வீட்டுக்குச் செல்லும் செய்திக்காக, இந்திய நிறுவனம் ஒன்று அயல்நாட்டு நிறுவனத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கூலி கொடுக்கிறது. அக்கூலி நம் மாதக் கட்டணத்தில்தான் வந்து சேரும். இவ்விரண்டினும் பெரிதான மூன்றாவது கேடு, பிறர் நாட்டுக் கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டால் நம் ஊருக்குள்ளேயே நாம் ஊமையராவது.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னரே பெங்களூரு வெளியுலகோடு தொடர்பு கொண்டிருந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் கடை விரித்தபோது, செயற்கைக்கோள் வழியே தன் அமெரிக்கத் தலைமையகத்தோடு தொடர்பு அமைத்துக்கொண்டது. பின்னர் அரசின் மென்பொருள் பூங்காக்கள் அமைப்பு அத்தகைய வசதியைச் சிறு நிறுவனங்களுக்கும் வழங்கிற்று. ஆகவே, பெங்களூரின் முதல் இணைப்புகளெல்லாம் வெளிநாட்டை நோக்கியே அமைந்தன. பக்கத்துக் கட்டடத்தோடு பேசுவதற்காக எவரும் கம்பி இழுக்கவில்லை. பாஸ்டனோடும் டல்லாஸோடும் பேசுவதற்காகவே இழுத்தார்கள். வேலை அங்கிருந்து வந்தது. ஆதலின் வழியும் அங்கே சென்றது.

1998இல் தனியார்க்கு இணையச் சேவை உரிமம் வழங்கப்பட்டது. நிறுவனங்கள் பல முளைத்தன. ஒவ்வொன்றும் தனக்கென வெளிநாட்டு இணைப்பை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் ஒன்றோடொன்று கைகோக்க அவை முன்வரவில்லை. பெரியவர் சிறியவரைப் பார்த்து, "நீ என் வாடிக்கையாளனாகு; பணம் கட்டு; அப்புறம் உன் பொட்டலத்தை ஏற்பேன்" என்றார். சிறியவரோ, "என்னைப் போன்றே நீயும் உரிமம் பெற்றவன்தானே" என்றார். இவ்வழக்கு தீராத வரையில் சென்னையில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல் சென்னையிலேயே மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அடைய அமெரிக்கா போய் வந்துகொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரமாக, மைய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் இணையச் சேவையாளர் சங்கமும் கூடி, 2003ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகத்தை நிறுவின. சுருக்கமாக நிக்ஸி என்பார்கள். இலாப நோக்கமற்ற கம்பெனியாக அது பதிவு செய்யப்பட்டது. நொய்டா, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு இடங்களில் முதல் நிலையங்கள் அமைந்தன. பின்னர் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் அமைந்தன.

பரிமாற்றகம் என்றால் ஏதோ பெரிய மாளிகை என்று எண்ணிவிட வேண்டா. குளிரூட்டப்பட்ட ஓர் அறை. அதில் ஸ்விட்ச் எனப்படும் பெட்டி. ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பியொன்றைக் கொணர்ந்து அப்பெட்டியில் செருகுகிறது. அவ்வளவே. வங்கிகளின் காசோலைத் தீர்வகத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு வங்கியின் ஆளும் மற்ற ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே நடந்துகொண்டிராமல், எல்லோரும் ஓரிடத்தில் கூடி, தம் தம் காசோலைகளை மாற்றிக்கொண்டு கலைவது முன்பு வழக்கம். இருபது நிறுவனங்கள் தமக்குள் தனித்தனியே இணைந்துகொள்ள 190 கம்பிகள் வேண்டும். நடுவில் ஒரு பெட்டி இருந்தால் இருபது கம்பிகள் போதும்.

கொட்டகை கட்டினால் சந்தை கூடுமா?

திட்டம் நல்ல திட்டந்தான். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் நிக்ஸியின் நிலையங்களில் எதிர்பார்த்த அளவுக்குப் போக்குவரத்து நிகழவில்லை. அதன் காரணங்களை ஆராய்வது பயனுடையது.

முதலாவது, கட்டண முறை. ஒரு நிறுவனம் தான் கொடுத்ததைவிட மிகுதியாகப் பெற்றால், அம்மிகுதிக்கு அது பணம் செலுத்த வேண்டும் என்று விதி செய்தார்கள். உள்நாட்டில் சர்வர்களை வைப்போரை ஊக்குவிக்கலாம் என்பது நோக்கம். ஆனால் வீடுகளுக்கு இணைப்பு வழங்கும் நிறுவனம் எப்போதும் பெறுவதே மிகுதி. நாம் பார்ப்பவர்கள், கேட்பவர்கள், படிப்பவர்கள் அல்லவா? ஆகவே, சிறு நிறுவனங்களின் தலையில் சுமை விழுந்தது. லண்டன், பிராங்பர்ட் முதலிய நகரங்களில் 1990களிலேயே தோன்றிய பரிமாற்றகங்களில் பெரும்பாலும் கம்பி செருகும் இடத்துக்கு மாத்திரம் வாடகை. மாற்றிக்கொள்ளும் பொட்டலங்களுக்குக் கணக்கில்லை.

இரண்டாவது, உறுப்பினர் விதி. தொடக்கத்தில் இணையச் சேவை உரிமம் பெற்றவர்களே உள்ளே வரலாம் என்று வைத்தார்கள். திரைப்படமும் பாட்டும் செய்தியும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை. காய்கறி கொண்டுவருபவர்க்கு இடமில்லாத சந்தையில் கூடை தூக்கிக்கொண்டு வருபவர் என் செய்வார்?

மூன்றாவது, மனத்தடை. கம்பியைச் செருகினாலும், பெரிய நிறுவனங்கள் தம் முகவரிகள் அனைத்தையும் அங்கு அறிவிக்க விரும்பவில்லை. சிலவற்றை மட்டும் அறிவித்து, மற்றவற்றுக்குத் தம்மிடம் தனியே விலை கொடுத்து வரச் செய்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்காராமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போவது போன்றது இது.

இந்த இடைவெளியைக் கண்டு தனியார் பரிமாற்றகங்கள் முளைத்தன. 2014 வாக்கில் மும்பையில் ஒன்று தொடங்கி, பிற்பாடு பிராங்பர்ட் பரிமாற்றகத்தின் பெயரைத் தாங்கிற்று. அவற்றில் உள்ளடக்க நிறுவனங்களும் வந்து சேர்ந்தன, போக்குவரத்துப் பெருகிற்று. நிக்ஸியும் பின்னாளில் தன் விதிகளைத் தளர்த்தி, நிலையங்களை எழுபதுக்கும் மேலாகப் பெருக்கியது. நாம் மகிழ வேண்டியதுதான். ஆனால் கொட்டகை கட்டுவது வேறு, சந்தை கூடுவது வேறு என்பதையும் மறத்தலாகாது. ஒரு நகரில் பெட்டி வைத்துவிட்டோம் என்று அறிக்கை வெளியிடுவது எளிது. அப்பெட்டியில் எத்தனை பேர் கம்பி செருகியிருக்கிறார்கள், எத்தனை பொட்டலங்கள் கைமாறுகின்றன என்பதே உரைகல்.

கென்யா கற்பித்த பாடம்

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் கதை, கேட்டுப் பயன்பெறத் தக்கது.

2000ஆம் ஆண்டின் இறுதியில் நைரோபி நகரில் சில சிறு நிறுவனங்கள் தமக்குள் பேசி, ஒரு பரிமாற்றகத்தைத் தொடங்கின. அந்நாட்டில் வெளிநாட்டுத் தொடர்பைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த தொலைபேசி நிறுவனம், இஃது தன் உரிமையைப் பறிப்பதாகும் என்று முறையிட்டது. அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் இரண்டே வாரத்தில் பரிமாற்றகத்தை மூடச் செய்தது! நைரோபியிலிருந்து நைரோபிக்குப் போகும் செய்தி மறுபடியும் கடல் கடந்து போய்வரத் தொடங்கிற்று. நிறுவனங்கள் சோர்ந்துவிடவில்லை. "நாங்கள் வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பவில்லை, எங்களுக்குள்ளேதான் மாற்றிக்கொள்கிறோம்" என்று வாதாடி, உரிமம் பெற்று, 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தன.

பயன் என்ன? உள்நாட்டுச் செய்தி போய்வர முன்பு 200 முதல் 600 மில்லி வினாடி வரை ஆயிற்று. பிறகு 2 முதல் 10 மில்லி வினாடியே ஆயிற்று. அதன் பின் அந்நாட்டு வரித்துறையும் பரிமாற்றகத்தில் இணைந்தது. மக்கள் வரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்வது எளிதாயிற்று. இதற்காகப் புதிய கடலடி வடம் எதுவும் போடவில்லை. போட்டியாளர்கள் ஓர் அறையில் கூடிக் கம்பியை இணைத்தார்கள், அவ்வளவே.

நாடு ஏழை நாடாக இருக்கலாம். வெளிநாட்டு வடம் விலை மிகுந்ததாக இருக்கலாம். அந்நிலையில் வீட்டுப் பண்டத்தை வீட்டுக்குள்ளேயே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு பணக்கார நாட்டைக் காட்டிலும் ஏழை நாட்டுக்கே இன்றியமையாதது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?

நம் வைட்ஃபீல்டின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். 1882இல் ஆங்கிலோ இந்தியக் குடியேற்றமாக மைசூர் மகாராஜா வழங்கிய நிலத்தில் தோன்றிய சிற்றூர் இது. 1990களில் இங்கே தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. இன்று இவ்வட்டாரத்தில் பெரும் தரவு மையங்களும் இருக்கின்றன. உலகெங்கும் செல்லும் செய்திகளை வழிப்படுத்தும் மென்பொருளை எழுதுவோர் பலர் நம் அண்டை வீட்டார். சிலர் நம் வீட்டுப் பிள்ளைகளே.

எனினும் பெங்களூருக்குக் கடல் இல்லை. இந்நகரின் வெளிநாட்டுச் செய்திகள் பெரும்பாலும் சென்னைக் கரையையோ மும்பைக் கரையையோ அடைந்துதான் கடலுக்குள் இறங்க வேண்டும். 2002இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு பெரிய வடம் இடப்பட்டது. அதன் பிறகு வேறு சில வடங்களும் சென்னைக் கரையேறின. 1864ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டைக்கும் பெங்களூருக்குமிடையே ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், சென்னைத் துறைமுகத்தின் சரக்கு வைட்ஃபீல்ட் வழியே இந்நகருக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்று கண்ணாடி இழையில் ஒளி வடிவில் வரும் சரக்கும் பெரும்பாலும் அதே திசையிலிருந்து வருகிறது. தமிழ்க் கரைக்கும் கன்னட நகருக்கும் உள்ள இந்த உறவு நம்மவர் பெருமைகொள்ளத் தக்கது.

ஆனால் உறவு ஒரே கயிற்றில் தொங்குமானால் ஆபத்தும் உண்டு. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, கடலடி வடம் ஒன்று சேதமுற்றதாக ஒரு பெருநிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு அறிவித்தது. புயல் வீசிய இடத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள ஊர்களிலும் இணையம் தளர்ந்தது. வானம் தெளிவாக இருந்த ஊரில் இணையம் ஏன் தளர்ந்தது என்று விளங்காமல் பலர் தம் வீட்டு ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள்.

ஒன்று கூற வேண்டும். இன்று நாம் காணும் திரைப்படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் வருவதில்லை. அந்நிறுவனங்கள் தம் பண்டத்தின் பிரதிகளை நம் நகரிலேயே, நம் இணைப்பு நிறுவனத்தின் அறையிலேயே வைத்திருக்கின்றன. அதனால்தான் வடம் அறுந்த நாளிலும் சினிமாப் பாட்டு தடையின்றி ஓடுகிறது; ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் பக்கமோ திறக்கமாட்டேன் என்கிறது. பள்ளியின் பக்கம் குறைந்த வாடகைக்கு அயல்நாட்டு சர்வரில் வைக்கப்பட்டிருக்கலாம். பணம் படைத்தவரின் பண்டம் நம் வாசலில். நம் சொந்தப் பண்டம் கடலுக்கு அப்பால்! இந்நிலை நமக்கு வருத்தம் தருகிறது.

அன்பரின் கேள்விக்கு இப்போது நேர் விடை கூறலாம். சேலத்துத் தாயாரின் இணைப்பும் வைட்ஃபீல்டு மகனின் இணைப்பும் ஒரே நிறுவனத்தினுடையவாயின், அல்லது இரு நிறுவனங்களும் பெங்களூரிலோ சென்னையிலோ கைகோத்திருப்பின், அவ்வுரையாடல் பெரும்பாலும் கடலைக் காண வேண்டிய தேவையே இல்லை. கைகோக்காதிருப்பினும், பேசும் செயலியின் இடைநிலை சர்வர் அயல்நாட்டில் இருப்பினும், செங்கடலில் அறுந்த வடம் சேலத்துத் தாயின் குரலைத் தொட்டுவிடும்.

நாம் செய்யத் தக்கது யாது?

இது பெருநிறுவனங்களின் விவகாரம், குடும்பஸ்தர்களால் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்குவது சரியன்று. சில எளிய செயல்களை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவதாக, அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள கணினியில் பிங் என்ற கட்டளையால் ஓர் இணைய முகவரிக்குச் செய்தி போய்வரும் காலத்தை அறியலாம். ட்ரேஸ்ரூட் என்ற கட்டளையோ அது கடக்கும் நிலையங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டுவார்கள். சென்னை இங்கிருந்து ரயில் பாதையில் 350 கிலோமீட்டர் அளவு. அங்குள்ள ஒரு சர்வருக்குச் செய்தி போய்வரப் பத்து மில்லி வினாடி அளவில் இருந்தால் வழி நேர்வழி. நாற்பது, ஐம்பது என்று காட்டினால் அது மும்பையையோ சிங்கப்பூரையோ வலம் வந்திருக்கக்கூடும். 200ஐத் தாண்டினால் பெரும்பாலும் உலகத்தையே சுற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இது பூகோளப் பாடமாகவும் அமையும்.

இரண்டாவதாக, கேளுங்கள். அடுக்ககச் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் நம்மவர் பலர். புதிய இணைப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது, "எத்தனை எம்பிபிஎஸ்?" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறோம். "நீங்கள் பெங்களூர்ப் பரிமாற்றகம் எதிலேனும் இணைந்திருக்கிறீர்களா? உங்கள் மேல்நிலை இணைப்பு யாரிடமிருந்து வருகிறது?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்பவர் பெருகினால் விற்பவர் திருந்துவர். சில சிறு கேபிள்காரர்கள் இதில் பெரிய நிறுவனங்களினும் முன்னணியில் இருக்கக்கூடும். விடை கேட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவதாக, இரட்டை இணைப்பு என்று ஏமாற வேண்டா. பாதுகாப்புக்காக இரு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கும் அடுக்ககங்கள் உண்டு. ஆனால் இரண்டின் வடமும் ஒரே குழியில் வந்தால், ஒரே கடப்பாரை இரண்டையும் அறுத்துவிடும். சாலை தோண்டாத நாளில்லாத நம் வட்டாரத்தில் இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இருவரும் ஒரே மேல்நிலை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாயினும் அதே கதைதான்.

நான்காவதாக, நம் பண்டத்தை நம் நாட்டில் வைப்போம். நம் சங்கத்தின் வலைப்பக்கமாயினும், ஊர்க்கோயிலின் பக்கமாயினும், சிறு வணிகம் நடத்துவோரின் பக்கமாயினும், அதைப் பார்ப்பவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் மதுரையிலும்தான் இருக்கிறார்கள். அதனை இந்தியாவிலுள்ள சர்வரில் வைப்பதே முறை. தமிழெழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரி பெறவும் இன்று வசதி இருக்கிறது. அதனையும் நிக்ஸியே பராமரிக்கிறது.

வடங்களும் பெட்டிகளும் வாங்கக் கிடைக்கும் பொருள்கள். போட்டியாளர்கள் தம்முள் நம்பிக்கை வைத்து ஓரிடத்தில் கூடுவதோ, பெரியவர் சிறியவர்க்குப் பந்தியில் இடங்கொடுப்பதோ விலைக்கு வருவன அல்ல. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். அயலூரில் ஒரு சங்கம் அமைத்து, பல மாவட்டத்தார் ஒன்றுகூடி, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பொங்கல் விழாவும் நடத்திவரும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைட்ஃபீல்ட், காடுகோடி, ஹூடி, வர்த்தூர் பகுதிகளில் வாழும் அன்பர்கள் தத்தம் இல்லத்திலிருந்து சென்னையிலுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியின் வலைப்பக்கத்துக்குச் செய்தி போய்வரும் காலத்தை மூன்று நாள், காலையிலும் இரவிலும் அளந்து, தம் பகுதியின் பெயருடன் சங்க அலுவலகத்துக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். அப்பக்கத்தின் சர்வர் உண்மையில் சென்னையில்தான் இருக்கிறதா என்பதையும் ட்ரேஸ்ரூட் கட்டளையால் முதலில் உறுதி செய்துகொள்க. வரும் விவரங்களைத் தொகுத்து, வீட்டாரின் பெயர் குறிக்காது, பகுதி வாரியாக இப்பகுதியில் வெளியிடுவோம். அடுத்த முறை நம் அடுக்ககச் சங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அமரும்போது, அப்பட்டியல் மேசைமீது இருக்கட்டும்.